வழிந்தோடும் குழாய் எங்கே முடிகிறது?

ஒரு கூட்டம் வளராமல் நின்றுபோவதற்கு வரலாறு வழக்கமாகச் சொல்லும் காரணம் பஞ்சம். மழை பொய்த்தது, தானியம் தீர்ந்தது, ஊர் கலைந்தது என்று எழுதிப் பழகிய கை நம்முடையது. தான் கழித்ததன் நடுவே வாழ முடியாமல் ஓய்ந்துபோன கூட்டங்களைப் பற்றி நாம் அவ்வளவாக எழுதியதில்லை. நுண்ணுயிரியலின் வரலாற்றிலும் இதே சாய்வு இருந்திருக்கிறது. பாக்டீரியாவின் வளர்ச்சியை எது நிறுத்துகிறது என்ற கேள்விக்கு அறிவியல் முதலில் உணவின் பக்கத்திலிருந்து ஓர் அழகான சமன்பாட்டைக் கண்டது. கழிவின் பக்கத்திலிருந்து வந்த விடை பிந்தியது. அதைத் தேடியவர்களின் பெயர்களும் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த இரண்டாவது விடையின் வழியே போனால் பாரிஸ், மான்செஸ்டர், பெங்களூர், தில்லி என்று சுற்றி, மறைமலை நகரையும் தாம்பரத்தையும் சூழ்ந்த ஏரிகளுக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. அந்தப் பயணமே இக்கட்டுரை.

நமக்குப் பழக்கமான ஒரு பாத்திரத்திலிருந்து தொடங்குவோம். நூறு கிராம் பாலில் ஏறக்குறைய ஐந்து கிராம் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. உறை ஊற்றிய மோரிலுள்ள பாக்டீரியாக்கள் அதை உண்டு லாக்டிக் அமிலத்தைக் கழிக்கின்றன. தயிர் தோய்ந்து புளித்தபின் அளந்து பார்த்தால், அமிலம் ஒரு கிராம் அளவில் நிற்கிறது. சர்க்கரையின் பெரும்பகுதி உண்ணப்படாமல் அப்படியே இருக்கிறது. பாக்டீரியாக்கள் பட்டினியால் நிற்கவில்லை என்பது இதனால் விளங்கும். விருந்து இலையில் இருக்கும்போதே அவை கை கழுவி எழுந்துவிட்டன. இதே மோரில் ஒரு கரண்டியை எடுத்துப் புதுப் பாலில் விட்டால் மறுபடியும் பெருகத் தொடங்குகின்றன. அவற்றின் உயிர்ப்பு போய்விடவில்லை, இடம்தான் கெட்டுப்போயிருந்தது. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் நடந்துவரும் உறை ஊற்றுதல், பழைய கழிவைப் பெரிதும் நீர்க்கச் செய்து கூட்டத்தைக் காப்பாற்றும் ஒரு முறையேயாகும்.

அமிலம் எப்படி நிறுத்துகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் நீரில் ஒரு பகுதி பிரிந்தும் ஒரு பகுதி பிரியாமலும் இருக்கும். சுற்றுப்புறம் புளிக்கப் புளிக்கப் பிரியாத பகுதி கூடுகிறது. மின்னூட்டமற்ற அந்த மூலக்கூறு செல்லின் சவ்வை எளிதாகக் கடந்து உள்ளே போய்விடும். உள்ளே புளிப்புக் குறைவு; ஆகவே அங்கே அது பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த அயனியை வெளியே தள்ள செல் தன் ஆற்றலைச் செலவிட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் சம்பாதிப்பதெல்லாம் வாசலைத் துப்புரவு செய்வதற்கே சரியாகிவிடுகிறது. பெருகுவதற்கு மிச்சம் இருப்பதில்லை. வெளியே துப்பியது சுவரைக் கடந்து வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

இதன் நடைமுறை அறிவு பழையது. 1857-இல் லூயி பாஸ்டர் லாக்டிக் நொதித்தலைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வறிக்கையை வாசித்தபோது, நொதிக்கும் கலத்தில் சுண்ணக்கட்டித் தூளைச் சேர்த்தே சோதனைகளை நடத்தியிருந்தார். சுண்ணாம்பு அமிலத்தைச் சமப்படுத்தும்; நொதித்தல் தொடரும். ஆனால் சுண்ணாம்பு ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்வியிலிருந்து வளர்ச்சியின் பொதுவிதி ஒன்றைக் கட்ட அப்போது எவரும் முனையவில்லை. அது செய்முறைக் குறிப்பாகவே தங்கிவிட்டது.

பொதுவிதி பாஸ்டரின் பெயரைத் தாங்கிய பாரிஸ் நிறுவனத்திலிருந்துதான் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து வந்தது. ழாக் மோனோ 1949-இல் எழுதிய மதிப்பாய்வில், மூடிய கலத்தில் வளர்ச்சி நிற்பதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிட்டார்: உணவு தீர்வது, நச்சுக் கழிவுகள் சேர்வது, அயனிச் சமநிலை—குறிப்பாகப் புளிப்பு—மாறுவது. கூர்ந்து பார்த்தால் பின்னிரண்டும் பெரும்பாலும் ஒன்றின் இரு முகங்கள். ஆயினும் மோனோவின் புகழ்பெற்ற சமன்பாடு முதல் காரணத்தை மட்டுமே கொண்டது. கட்டுப்படுத்தும் உணவு எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப வளர்ச்சி வீதம் ஏறி, ஓர் உச்சத்தை நெருங்கும் என்பது அதன் சாரம். கழிவுக்கு அதில் இடமில்லை.

அதை மோனோவின் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமாகாது. உணவை அளவிட்டுச் செலுத்தலாம். கழிவு தானாக உண்டாவது, கலந்து கிடப்பது, உயிரினத்துக்கு உயிரினம் மாறுவது. ஆய்வுக்கு எளிதான பக்கத்தை எடுத்துக்கொண்டு, மற்றப் பக்கம் தலையிடாதபடி உணவை மிகவும் மெலிதாக வைத்துக்கொள்வதே அவர் கையாண்ட வழி. 1950-இல் அவரும், சிகாகோவில் ஆரன் நோவிக், லியோ சிலார்டு இருவரும் தனித்தனியே தொடர் வளர்ப்புக் கருவியை வெளியிட்டார்கள். அணுச் சங்கிலிவினையின் சாத்தியத்தை முதலில் கண்ட அதே சிலார்டுதான். போருக்குப் பின் உயிரியலுக்கு வந்திருந்தார். கெமோஸ்டாட் என்ற பெயர் இந்த இருவர் கொடுத்தது.

கருவி மிக எளியது. ஒரு லிட்டர் கொள்ளும் கலம்; அதில் மணிக்கு 200 மில்லிலிட்டர் புதிய ஊட்டநீர் சொட்டுகிறது; அதே அளவு பாக்டீரியாவோடும் கழிவோடும் மறுபக்கக் குழாய் வழியே வழிந்தோடுகிறது. மணிக்கு ஐந்தில் ஒரு பங்கு வெளியேறுவதால், கூட்டம் நிலைக்க வேண்டுமானால் அதே வேகத்தில் பெருக வேண்டும். அதாவது ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். அதைவிட மெதுவாகப் பெருகுவது அடித்துச் செல்லப்படும். வழக்கமான குடுவையில் ஓரிரு நாளில் பிறந்து வளர்ந்து ஓயும் ஒரு கூட்டத்தை, இக்கருவியில் மாதக்கணக்கில் மாறாத வேகத்தில் வளர்க்க முடிந்தது. பரிணாமத்தைக் கண்ணெதிரே பார்க்க உயிரியலாளர்களுக்குக் கிடைத்த முதல் சாளரங்களில் இதுவும் ஒன்று.

பார்வைக்கு, இக்கருவி கழிவுச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாகத் தோன்றும். புதுநீர் வந்துகொண்டிருக்கிறது, பழையது போய்க்கொண்டிருக்கிறது. பிறகு கழிவு எங்கே சேரப்போகிறது? இங்கேதான் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் நீரில் லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை இருக்கிறது என்றும், அது முழுதும் உண்ணப்படுகிறது என்றும் கொள்வோம். லாக்டிக் பாக்டீரியாவானால் வெளியேறும் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் அமிலம் இருக்கும். வரத்தை இரு மடங்காக்கினாலும் அதே 9 கிராம்தான். ஏனென்றால் கூடுதலாக வரும் ஒவ்வொரு லிட்டரும் தனக்குரிய 10 கிராம் சர்க்கரையையும், ஆகவே தனக்குரிய அமிலத்தையும் கூடவே கொண்டுவருகிறது. கலத்திலுள்ள கழிவின் செறிவைத் தீர்மானிப்பது, சர்க்கரை தீரும்வரையில், ஓட்டத்தின் வேகம் அன்று. வரும் நீரின் செழுமைதான். இப்போது சர்க்கரையை லிட்டருக்கு 100 கிராமாக உயர்த்துங்கள். அமிலம் 90 கிராமை எட்டுவதற்கு வெகு முன்பே பாக்டீரியா தளர்ந்துவிடும்; உண்ணப்படாத சர்க்கரை குழாய் வழியே வீணாக ஓடும். உணவு கட்டுப்படுத்திய கலம், கழிவு கட்டுப்படுத்தும் கலமாக மாறிவிட்டது. ஓடும் நீர் என்பதாலேயே அது தூய நீராகிவிடுவதில்லை.

இந்த உண்மை ஆய்வகத்தைவிடத் தொழிற்சாலையை முதலில் சுட்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சைம் வைஸ்மன்—பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர்—முதல் உலகப்போரின்போது மாச்சத்தை அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றும் பாக்டீரியாவைக் கொண்டு ஒரு தொழில்முறையை அமைத்தார். கார்டைட் என்னும் வெடிமருந்துக்கு அசிட்டோன் தேவைப்பட்டது. ஆனால் அந்த பாக்டீரியா கழிக்கும் பியூட்டனால், லிட்டருக்கு பன்னிரண்டு, பதின்மூன்று கிராம் அளவிலேயே அதன் வளர்ச்சியை நிறுத்திவிடும். எவ்வளவு தானியத்தைக் கொட்டினாலும் அந்த வரம்பு நகராது. மனிதருக்கு விளைபொருளானது நுண்ணுயிருக்குக் கழிவு. நாம் ஆவலோடு எதிர்பார்ப்பது அது சகிக்க முடியாதது.

கழிவைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவரும் வேலை 1950களின் இறுதியில் தொடங்கியது. 1959-இல் மின்னசோட்டாவில் லூடெக்கிங், பிரெட் இருவரும் லாக்டிக் அமிலம் உருவாகும் வேகத்தை வளர்ச்சியோடு பிணைத்து ஒரு தொடர்பைத் தந்தார்கள். 1968-இல் ஜப்பானில் அய்பா குழுவினர் ஆல்கஹால் தன்னை உண்டாக்கும் ஈஸ்ட்டை எப்படித் தளர்த்துகிறது என்பதை மோனோவின் சமன்பாட்டோடு சேர்த்தனர். ஈஸ்ட் பாக்டீரியா அன்று. ஆனால் கழிவின் கணிதம் இருவருக்கும் ஒன்றே.

இந்த வரிசையில் நம் நாட்டுப் பெயர்கள் வருவது 1979-இல். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் தாவரக் கழிவிலிருந்து எரிபொருள் ஆல்கஹால் எடுக்கும் ஆர்வம் உலகெங்கும் எழுந்திருந்தது. தில்லி ஐ.ஐ.டி.யில் உயிர்வேதிப் பொறியியலை வளர்த்த டி.கே. கோஷும், அவருடன் பணியாற்றிய தியாகியும் செல்லுலோஸிலிருந்து பெற்ற சர்க்கரையைக் குடுவையிலும் தொடர் கலத்திலும் நொதிக்கவைத்து ஒப்பிட்டனர். ஆல்கஹால் ஏற ஏற வளர்ச்சி நேர்கோட்டில் குறைகிறது என்றும், லிட்டருக்கு ஏறக்குறைய 87 கிராம் அளவில் நின்றேவிடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். ஆல்கஹாலைத் தொடர்ந்து உண்டாக்கும் திறன் அதற்கப்பாலும் சிறிது காலம் நீடிக்கிறது. பெருக முடியாதபோதும் உழைக்க முடிகிறது. அவர்களின் எளிய நேர்கோட்டுச் சமன்பாடு உயிர்வேதிப் பொறியியலில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. இதற்கு இரண்டாண்டு முன்பு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வேறொரு வழியில் இதே உண்மை நிறுவப்பட்டிருந்தது. கலத்தை வெற்றிடத்தில் வைத்து ஆல்கஹாலை ஆவியாக இழுத்துக்கொண்டே இருந்தபோது, அதே ஈஸ்ட் பல மடங்கு விரைவாக வேலை செய்தது.

இந்த வரம்பின் விலையை நம் கரும்பாலைப் பகுதிகள் அறியும். ஆல்கஹாலைச் செறிவாக்க முடியாததால் மொலாசஸை நிறைய நீரில் கரைத்தே நொதிக்க வைக்கிறார்கள். வடித்தெடுத்தபின் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் வரை கரும்பழுப்புக் கழிவுநீர் மிஞ்சும். நுண்ணுயிரின் சகிப்புத்தன்மைக்கு ஓர் எல்லை இருப்பதன் விளைவு, ஆலைக்கு வெளியே நெடுந்தூரம் போகிறது.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வந்துவிட்டோம். எந்தப் பாடநூலிலும் கெமோஸ்டாட்டின் படத்தை எடுத்துப் பாருங்கள். இடப்புறம் ஊட்டநீர்க் குப்பி கவனமாக வரையப்பட்டிருக்கும். நடுவே கலம். வலப்புறம் ஓர் அம்புக்குறி வெளியே போகும். அது பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வழிந்தோடும் குழாயின் முடிவில் என்ன இருக்கிறது என்பது அந்தப் படத்தின் அக்கறை அன்று. ஆனால் அந்த அம்புக்குறியின் முனையில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் நம் பக்கத்து ஊரில் இருந்தார்.

கில்பர்ட் ஃபௌலர் (1868–1953) மான்செஸ்டர் மாநகராட்சியின் கழிவுநீர் வேதியியலாளர். 1912-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் சோதனை நிலையத்துக்குப் போனவர், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனைகளை அங்கே பார்த்தார். ஊர் திரும்பி, எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவரிடம் அதைச் செய்துபார்க்கச் சொன்னார். முதல் முறை பாட்டிலிலிருந்த கழிவுநீர் முற்றும் தெளிய ஏறக்குறைய ஐந்து வாரமாயிற்று. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசடை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே புதிய கழிவுநீரை ஊற்றிக் காற்றைச் செலுத்தினார்கள். இப்படியே திரும்பத் திரும்பச் செய்ய, ஐந்து வாரம் எடுத்த வேலை ஒரு நாளுக்குள் முடியலாயிற்று. உறை மோரை வைத்துக்கொண்டு பாலை மட்டும் மாற்றுவதைப் போன்றதுதான். கசடு என்று எறியப்பட்டது உண்மையில் பாக்டீரியாக் கூட்டம். நீர் போகலாம், கூட்டம் தங்க வேண்டும் என்பதே அவர்கள் கண்டுபிடிப்பின் உட்கரு. 1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் அந்த ஆய்வு வாசிக்கப்பட்டது. இன்று பெருங்குடியிலும் நெசப்பாக்கத்திலும் சென்னையின் சாக்கடை நீரைச் சுத்திகரிப்பது இம்முறையே. கெமோஸ்டாட்டுக்கு முப்பத்தாறு ஆண்டு மூத்தது இது.

1916-இல் ஃபௌலர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். தமிழ்நாட்டில் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் என்பதற்காகச் சொல்கிறோம். 1921-இல் கழகத்தில் உயிர்வேதியியல் துறை உருவானபோது அதன் முதல் தலைவர் அவரே. அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று வடக்கே மகுவா என்று அழைக்கப்படும் இலுப்பைப் பூ. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்னும் நம் பழமொழியை ஆய்வகத்தில் மெய்ப்பிப்பது போல, அப்பூவின் சர்க்கரையை நொதிக்க வைக்கும் வழிகளை அவரும் மாணவர்களும் ஆராய்ந்து 1920-இல் வெளியிட்டார்கள். பின்னாளில் அவர் கவனம் முழுவதும் நைட்ரஜனின் பக்கம் திரும்பியது: ஊர்கள் கழித்துத் தள்ளுவதை வயலுக்கு எருவாகத் திருப்புவது எப்படி? 1934-இல் இதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பெங்களூரிலேயே இறந்தார்.

ஃபௌலரின் பார்வைக்கும் மோனோவின் பார்வைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மோனோவின் கலத்தில் ஒரே இனம். ஆகவே அது கழிப்பது கழிவு மட்டுமே. ஃபௌலரின் தொட்டியில் பல இனங்கள். ஒன்று புரதத்தைச் சிதைத்து அம்மோனியாவைக் கழிக்கிறது. இன்னொன்று அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டைக் கழிக்கிறது. மூன்றாவது நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இடையில் எவராவது பின்தங்கினால் அங்கே கழிவு தேங்கி முழுத் தொடரும் நிற்கும். அம்மோனியா மிகுந்தால் அதை உண்பவையே தளரும். கழிவின் வரம்பு நீங்கிவிடவில்லை. பலர் தோளில் பகிரப்பட்டிருக்கிறது.

பின்னர் ஒரே இனம் வாழும் கெமோஸ்டாட்டிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. 1987-இல் ஹெல்லிங், வார்காஸ், ஆடம்ஸ் மூவரும் ஒற்றை ஈ.கோலை செல்லின் சந்ததியைக் குளுக்கோஸ் மட்டும் தரும் கலத்தில் 770-க்கும் மேற்பட்ட தலைமுறைகள் வளர்த்த ஆய்வை வெளியிட்டனர். ஒன்றுபோல் இருந்த கூட்டம் பிரிந்திருந்தது. ஒரு வகை குளுக்கோஸை விரைந்து உண்டு அசிட்டேட்டைக் கழித்தது. இன்னொரு வகை அந்த அசிட்டேட்டை உண்டு பிழைத்தது என்று தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின. எவரும் திட்டமிடாமலே, கழிவின் பக்கத்தில் ஒரு புதிய பிழைப்பு தோன்றியிருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். செங்கல்பட்டுப் பகுதியை ஏரி மாவட்டம் என்பார்கள். இங்குள்ள ஏரிகள் பலவும் தனித்தனிக் குளங்கள் அல்ல; ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்ததற்குப் போகும் சங்கிலி. தாம்பரத்தின் கிழக்கே செம்பாக்கத்து உபரிநீர் இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஆதனூர் ஏரி அடையாற்றின் தோற்றுவாய். வரிசையாக வைத்த தொடர் வளர்ப்புக் கலங்கள் என்றே இவற்றைப் பார்க்கலாம்: ஒன்றின் வழிந்தோடும் குழாய் அடுத்ததன் ஊட்டக் குழாய்.

வயலுக்காக ஏரி இருந்தவரை உள்ளே வந்தது பெரும்பாலும் மழைநீர். பல்லாவரத்தில் வாழ்ந்த அடிகளின் பெயரைத் தாங்கி 1980-ஐ ஒட்டித் துணைநகரமாக மறைமலை நகர் திட்டமிடப்பட்டது, தொழிற்சாலைகள் வந்தன, ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் வயல் மனையாயிற்று. பாதாளச் சாக்கடை வருமுன் வீடுகள் வந்துவிட்ட இடங்களில் கழிவுநீர் தாழ்ந்த இடத்தைத் தேடி ஏரியைச் சேர்ந்தது. ஏரியின் கொள்ளளவு மாறவில்லை. உள்ளே வரும் நீரின் செழுமை மாறிவிட்டது.

மேலே போட்ட கணக்கை இங்கே நினைவுகூர வேண்டும். ஓட்டம் கூடினால் ஏரி தெளியும் என்பது மழைநீருக்குத்தான் பொருந்தும். வருவதே கழிவுநீராயின், எவ்வளவு விரைவாக வழிந்தோடினாலும் ஏரியின் நிலை மாறாது. அடுத்த ஏரிக்கு அது ஒப்படைக்கப்படுகிறது, அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகையில் நீர்த்துத் தெளிவது போலிருக்கும் ஏரி, சித்திரையில் மூடிய குடுவையாகிறது. பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, அது இல்லாமல் வாழ்பவை முன்னுக்கு வந்து நாற்றமடிக்கும் கந்தக வாயுவைக் கழிக்கின்றன. மிஞ்சிய நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஆகாயத்தாமரை உண்டு பரவுகிறது. கழிவை உண்ண எப்போதும் எவரோ வருகிறார்கள். நமக்கு வேண்டியவர்தான் வருவார் என்பதற்கு மட்டும் உறுதியில்லை.

சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் அண்மை ஆண்டுகளில் சீரமைப்புப் பணிகள் நடந்திருக்கின்றன. கரை உயர்வதும் நடைபாதை அமைவதும் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் ஒரு சீரமைப்பை மதிப்பிட நாம் கேட்க வேண்டியது, கரை எவ்வளவு உயரம் என்பதன்று. உள்ளே வருவது என்ன, அதை ஏரிக்கு முன்பே உண்ணும் கூட்டம் எங்கே தங்கவைக்கப்பட்டிருக்கிறது, வழிந்து போவது யாருக்கு ஊட்டநீர் என்பவையே. ஃபௌலர் நூறாண்டுக்கு முன்பு கேட்ட கேள்விகள் இவை. அவர் காலத்து மான்செஸ்டரில் வேலைக்குப் போனவர்களும் பெரும்பாலும் தங்கள் சாக்கடை எங்கே முடிகிறதென்று அறிந்திருக்கமாட்டார்கள். அறிந்திருக்க வேண்டிய தேவை தங்களுக்கு இருப்பதாகவும் நினைத்திருக்கமாட்டார்கள். ஏரிச் சங்கிலியின் நடுவில் வீடு கட்டியிருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. மேல் ஏரிக்காரர் அனுப்பியது நம் வாசலில் நிற்கிறது; நம்முடையது கீழ் ஏரிக்காரரின் வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.